பின்சீட்டில் ஒரு முள்ளம்பன்றி

வர்ஜீனியா மலைச்சாலையில் முதுகுப் பையோடு கட்டைவிரலை நீட்டி லிஃப்ட் கேட்டு நின்ற பெண்ணுக்காக நோரீன் காரை நிறுத்தினாள். மழைத்தொப்பிக்குள் முகம் புதைந்திருந்த அவள் பின்சீட்டில் ஏறியதுமே, நாற்றம் தாங்காமல் நோரீன் கண்ணாடிகளை இறக்கினாள்.

"ஸ்கூல் முடிச்ச கையோட என் பொண்ணும் உங்களை மாதிரி மாசக்கணக்கா இந்த மலைப்பாதையில நடக்க வந்துட்டா. வீட்டுக்கு இழுத்துட்டுப் போகத்தான் வந்தேன். பிரென்னான்னு பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியல."

"தெரியாதுங்க," என்றது கரகரத்த குரல். "இங்க வீட்டுப் பேர் செல்லாது. கூட நடக்கிறவங்க வைக்கிற பட்டப்பேர்தான். நான் முள்ளம்பன்றி."

"பொருத்தம்தான்! அவ அழுதுட்டிருப்பாளோ?"

"இவ்வளவு சந்தோஷமா எங்கயுமே இருந்திருக்க மாட்டாங்க."

ஊர் வந்தது. இறங்கியவளிடம் நோரீன் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"காலுறை. உங்கப்பா குடுத்துவிட்டாரு. நான் தனியாவே திரும்பிப் போறேன், நீ நடந்து முடிச்சுட்டு வா. முதல்ல குளிடி!"