பிலோமினின் கல்லறை

கல்லறைத் திருநாளன்று, கொட்டும் மழையில், மகள் பிலோமினின் கல்லறையருகே நின்றவர்கள் ஆரோக்கியநாதர், அவர் மனைவி ரோசா, அவர்கள் குடைக்குள் ஒதுங்கிய ஒரு வெளியூர்ப் பெண்.

“காசு கம்மி தாத்தா. புதுச்சேரி முழுக்க நடந்தே சுத்துறேன்.”

“கல்லறையில என்னம்மா இருக்கு பாக்க?” என்றாள் ரோசா.

“இங்க டிக்கெட் இல்லியே ஆயா!”

சிரித்தபடியே கல்லைப் படித்தவள் திகைத்தாள். “எங்கம்மா பேரு, பொறந்த தேதி, அவங்க அப்பா பேரு எல்லாம் இருக்கு. அம்மா கோயமுத்தூர்ல நல்லா இருக்காங்களே!”

கல்யாணத்துக்கு முந்தின வாரம் காணாமற்போன மகள் கடலில் மூழ்கிச் செத்தாள் என்று மூடிய சவப்பெட்டியோடு வந்தவர் ஆரோக்கியநாதர்தான். குடும்ப மானம் அன்று பிழைத்தது.

ரோசா குடையை விட்டு வெளியே வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“ரோசா, ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

ரோசா பேத்தியோடு பஸ் ஏறிவிட்டாள் என்று மறுநாள் தெருவெல்லாம் பேச்சு.

“வதந்தி,” என்றார் ஆரோக்கியநாதர், நிமிர்ந்து. “ரோசா நேத்தே செத்துட்டா.”