துளையில் விழும் வட்டம்

அண்ணன் வரைந்த மரக்கடிகாரத்துக்குச் சக்கரங்கள் ஏழு. லேசரில் மரம் வெட்டித் தரும் கடையில் நான்கை வெட்டி முடித்திருந்தார், அதற்குள் இறந்துபோய்விட்டார். ஒவ்வொரு சக்கரம் வெட்டும்போதும் நடுத்துளையிலிருந்து பொத்தான் அளவில் ஒரு வட்டம் விழும். அதை மறக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துவைக்கும் நாளில் அண்ணியிடம் மறக்காமல் திட்டும் வாங்குவார்.

அவர் கடைசியாகப் போட்ட சட்டையை அண்ணி துவைக்கவில்லை. நான்கு வட்டங்களோடு அது கதவுக்குப் பின்னால் தொங்கியது.

“கடிகாரம் ஓடட்டும் தம்பி. அப்புறம் சட்டைய யாருக்காவது குடுத்துடுறேன்” என்றார்.

மீதி மூன்றையும் மூன்று சனிக்கிழமைகளில் நான் வெட்டினேன். மூன்று தடவையும் நடுவட்டம் கிடைக்கவில்லை. கடைக்காரர் இயந்திரத்தின் தட்டைக் கழற்றி உதறியே காட்டினார்.

“தூசிதான் இருக்கு, வட்டத்தக் காணோம். உங்க அண்ணன் புத்தி மெஷினுக்கும் வந்துடுச்சு போல.”

ஞாயிறு காலை கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, ஊசலைத் தட்டிவிட்டேன். ஓடியது. அண்ணி சொன்ன சொல் மாறாமல் சட்டையை எடுத்துவந்து, பையை மேசைமேல் கவிழ்த்தார்.

இருவரும் எண்ணினோம். ஏழு வட்டங்கள். நான்கில் லேசர் சுட்ட ஓரக்கரி எப்போதோ உதிர்ந்திருந்தது. மூன்றைத் தொட்டபோது விரலில் கரி ஒட்டியது.

அண்ணி எல்லாவற்றையும் பைக்குள் திரும்பப் போட்டு, சட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

“தம்பி, இன்னொரு சக்கரம் வெட்டிட்டு வர்றியா?”

“அதான் கடிகாரம் ஓடுதே அண்ணி.”

“கடிகாரத்துக்கு இல்லப்பா.”