காற்று வரும் ஓட்டை

முதல் குத்திலேயே மச்சானின் மூக்கு உடைந்து, வெளுத்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளின் மேல் ரத்தம் தெறித்தது. இரண்டாவது குத்துக்கு உதடு கிழிந்தது. சலவைக்கூடத்துப் பெண்கள் இஸ்திரிப் பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

"கொலகாரப் பாவி! என்னைக் கொல்லப் பாத்தியேடா!"

நேற்று வரை 'வாங்க மச்சான், போங்க மச்சான்' என்று குழைந்துகொண்டிருந்த பாய்லர்காரன்தான் இப்படிக் கத்தினான். குளிர் தொடங்கியதிலிருந்து நாலு வார்த்தைக்கு ஒரு தரம் லொக்கு லொக்கென்று இருமுகிற ஆள். இன்று காலையிலிருந்து ஒரு செருமல்கூட இல்லை. "கோபம் நல்ல மருந்து போலிருக்கு" என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள்.

"மாப்ளே, என்னன்னு சொல்லிட்டாவது அடிங்க!" என்றார் மச்சான், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"பாய்லர் ரூமுக்குக் காத்து வர்ற ஓட்டையை அடைச்சது யாரு? தீ மஞ்சளா எரியுது. தலை கிறுகிறுன்னு சுத்திக் கீழ விழுந்துட்டேன். கேஸை மூடிட்டு ஊர்ந்து வெளிய வந்ததால பொழச்சேன். இல்லேன்னா இந்நேரம் பொணம்!"

கேஸ் பாய்லரும் மனிதரைப் போலத்தான். மூச்சு விட்டாக வேண்டும். பாய்லர்காரனின் நாற்காலிக்குப் பின்னால், சுவரின் அடியில் இருக்கிற அந்தக் கம்பி வலை போட்ட ஓட்டைதான் அதற்கு மூக்கு. வெளிக்காற்று வந்தால் தீ நீலமாக எரியும். அடைத்துவிட்டால் நிறமும் நாற்றமும் இல்லாத விஷவாயு அறையெல்லாம் நிறைந்து, தூங்க வைக்கிற மாதிரி ஆளை முடித்துவிடும்.

இந்தக் கட்டடத்தில் ஓட்டையின் அருமை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பாய்லர்காரன், முதலாளியான மச்சான். பாய்லர்காரன் தன் பெண்டாட்டி ஒரு தடவை கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு இதெல்லாம்? போய் கிழிஞ்சதைத் தை" என்று விரட்டிவிட்டான். விஷயம் தெரிந்தவன்தானே அடைத்திருக்க முடியும்? அவன் புத்தி போன போக்கு அப்படி.

போதாக்குறைக்கு, போன வாரம் அவன் பெண்டாட்டி மேல் எரிந்து விழுந்தபோது இதே கூடத்தில் வைத்து, "நீ செத்தாத்தான்டா என் தங்கச்சிக்கு விடிவு காலம்" என்று மச்சான் சொன்னதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தங்கச்சி அப்போது வாயே திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஊசியில் சிவப்பு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்துக்கு இந்தப் பெண்கள் ஒரு வாரமாக அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. கையில் கிடைத்த இரும்பு ஹேங்கரால் ஓங்கி அடித்தார். பாய்லர்காரனின் காது பிய்ந்து தொங்கியது.

"நான் ஏன்டா அடைக்கப் போறேன்? என் பாய்லர்டா அது!"

"அப்ப இது என்ன?"

ஓட்டையிலிருந்து பிடுங்கி வந்ததைப் பாய்லர்காரன் அவர் முகத்தில் விட்டெறிந்தான். பழைய விரிப்புகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டையின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டி, ஓரம் முழுக்கச் சிவப்பு நூல் ஓட்டிய குட்டி மெத்தை.

மச்சான் அதைத் திருப்பிப் பார்த்தார். தையலின் மேல் விரலால் மெல்லத் தடவினார். ஓங்கியிருந்த ஹேங்கர் கையிலிருந்து நழுவியது.

"நான்தான் மாப்ளே," என்றார். "நான்தான் அடைச்சேன்."

"பாத்தீங்களா? எல்லாரும் கேட்டுக்குங்க!"

"போன வாரம் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாம் என் வாயால வந்த வினை. என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா இதோட விட்டுடுங்க மாப்ளே, வேற யாரையும் எதுவும் கேக்காதீங்க."

மூக்கு உடைந்தபோது வராத கண்ணீர் அவருக்கு இப்போது வந்தது. அதைப் பார்க்கிற நிலையில் பாய்லர்காரன் இல்லை. மெத்தையைப் பிடுங்கிக்கொண்டு அவர் அடிவயிற்றில் எட்டி உதைத்தான். மச்சான் அழுக்குத்துணி வண்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். பாய்லர்காரன் இடுப்பில் செருகியிருந்த பைப் ரெஞ்சை உருவினான்.

"ஐயோ, யாராவது பிடிங்களேன்!" என்றார்கள் பெண்கள், ஆளுக்கு ஓரடி பின்னால் நகர்ந்து.

ரெஞ்சு தலைக்கு மேலே போனது. துணிக்குவியலுக்குள் மச்சானின் மண்டை எங்கே இருக்கிறது என்று குறி பார்த்தான்.

கொல்லைக் கதவு திறந்தது. சுடுதண்ணீர் ஃபிளாஸ்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவன் பெண்டாட்டி உள்ளே வந்தாள். வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்கள் அவள் கண்ணில் படவில்லை. புருஷனின் இடது கையில் தொங்கிய சிவப்புத் தையல்தான் பட்டது. அவள் முகம் சுருங்கியது.

"அதை ஏங்க பிடுங்குனீங்க? சில்லுக்காத்து பட்டா மறுபடியும் இருமப் போறீங்க!"