சுத்தமான எச்சில்

"ஒவ்வொருத்தரா வந்து இந்தக் குழாய்ல துப்புங்க. டிரைவர், நீயும்தான்."

எங்கள் லேப் சீஃப் இப்படிச் சொன்னதும் டிரைவர் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். ரசாயனம் வைத்திருக்கும் அறைக்குப் பின்னால் காலையில் முதலாளி ஒரு சிகரெட் துண்டைப் பார்த்துவிட்டார். அங்கே ஒரு பொறி விழுந்தால் கட்டடமே மிஞ்சாது. "பிடிச்சவன் இன்னிக்கே வேலையை விட்டுப் போகணும்" என்று குதித்தார். பார்வை நேரே டிரைவர் மேல் போனது.

அண்ணன்தான். எங்களுக்கெல்லாம் தெரியும். போன வாரம் அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. ராத்திரி ஒன்று தூங்கினால் இன்னொன்று கத்துமாம். தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த நேரத்தில் வேலை போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

முதலாளி அப்போதே அனுப்பியிருப்பார். சீஃப்தான் நடுவில் புகுந்தார்.

"சந்தேகத்தை வெச்சு ஆளைத் தூக்கக்கூடாது சார். நம்மகிட்ட இல்லாத டெஸ்ட்டா? எல்லாரையும் பண்ணிடலாம்."

தண்ணீரை டெஸ்ட் பண்ணினோம், பாலை டெஸ்ட் பண்ணினோம். ஆட்டைக் கடிச்சு மாட்டைக் கடிச்சு கடைசியில் எங்களையே கடிக்க வந்துவிட்டார்.

எங்கள் டெஸ்ட் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறி பொறித்திருக்கும். ஒரு குறி உள்ள துகள் காபியில் இருக்கும் கஃபீனை மட்டும் பிடிக்கும். இன்னொரு குறி உள்ள துகள் சிகரெட்டின் நிகோடினை மட்டும். பிடித்தால் ஒளிரும். மெஷின் குறியைப் படித்து, ஒளியை அளந்து, ஒரே சொட்டில் எல்லா வண்டவாளத்தையும் சொல்லிவிடும். அந்த மெஷினை ஓட்டுகிறவள் நான்.

அதற்கு முதலில் சுத்தமான எச்சில் ஒன்று வேண்டும். அதில் எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவை மெஷின் எல்லார் கணக்கிலிருந்தும் கழித்துவிடும். அதற்கு மேலே ஒளிர்ந்தால்தான் ஆள் மாட்டுவார்.

"சுத்தத்துக்கு என்னோடதையே வெச்சுக்கோம்மா" என்றார் சீஃப்.

வேறு யாருடையதை வைப்பது? காபி, டீ எதையும் தொடாத மனுஷன். அதனால்தான் நாங்கள் வைத்த பெயர் பச்சைத்தண்ணி. சிகரெட்டின் கெடுதல் பற்றி மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரு வகுப்பு எடுப்பார். கேட்டால் சோறு இறங்காது.

"இரு, வந்துடறேன்" என்று தெருவுக்கு இறங்கிப் போனவர், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருமியபடியே திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. துப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

முதலாளி என் பின்னால் நின்று திரையையே பார்த்தார்.

முதலில் அக்கவுண்ட்ஸ் அக்கா. கஃபீனுக்குச் சிவப்பு.

"காபியை விட்டாச்சுன்னு பெருமையாச் சொன்னீங்களே?" என்றார் முதலாளி.

"ஒரே ஒரு வாய்தான் சார்."

"மெஷின் ஒரு குடம்ங்குதே."

முதலாளிக்குச் சந்தோஷம். "கரெக்டாத்தான் வேலை செய்யுது. அடுத்து டிரைவரோடதைப் போடும்மா."

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டனை அமுக்கினேன்.

நிகோடினுக்குப் பச்சை.

"சரியாப் பாரு."

"பார்த்துட்டேன் சார். ஒண்ணுமில்ல."

நிகோடினில் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் பச்சை. "அப்ப வெளியாளாத்தான் இருக்கும். சுவரை ஏத்திக் கட்டணும்" என்று முணுமுணுத்தபடி முதலாளி போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே" என்றேன்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. காலையில் அண்ணன் பிடித்த சிகரெட் மாயமாகவா போகும்? சந்தேகப்பட்டு, சுத்தமான எச்சிலின் படத்தைத் திறந்தேன்.

நிகோடின் துகள் ஒவ்வொன்றும் கடைத்தெரு விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவைக் கழித்தால் அண்ணனுக்கு என்ன மிஞ்சும்?

அடப்பாவி பச்சைத்தண்ணி. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்துகொண்டு, பீப்பாயையே காலி பண்ணுகிற ஆளா நீ? உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா? பாவப்பட்ட டிரைவரை வரிசையில் நிறுத்தித் துப்பவைத்தாயே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேருக்கு நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

"சீஃப் எங்கேக்கா?"

"பின்பக்கப் படிக்கட்டுல" என்றார் அக்கவுண்ட்ஸ் அக்கா.

அங்கே நின்றுதான் ஊதுகிறாரா? விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்தேன்.

சீஃப் படியில் சாய்ந்து கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு வாளி. டிரைவர் அண்ணன் தன் தொப்பியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கருமத்தை எப்படிய்யா தினமும் இழுக்கிறே? ஒண்ணுக்கே எனக்குப் பூமி சுத்துது."

"பழக்கமில்லாதவங்க முழுசையும் இழுக்கலாமா சார்?" அண்ணன் இன்னும் வேகமாக விசிறினார். "எனக்காகப் போய்..."

"உனக்காக ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு குஞ்சுகளுக்காக. உன் சிகரெட் பாக்கெட்டை எடு, இப்படிக் குடு."

அண்ணன் எடுத்துக் கொடுத்தார். சீஃப் அதை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினார்.

"இனிமே பத்த வெச்சேன்னா உன்னைக் காப்பாத்த நான் வரமாட்டேன்யா. இன்னொரு சிகரெட்டை என் உடம்பு தாங்காது."