பூட்டி முடியாத சைக்கிள்

விடிந்து வாய் கொப்பளிக்கவில்லை, கதிர்காமநாதர் முற்றத்தில் நின்று கத்தத் தொடங்கிவிட்டார்.

"பெல்லையும் கழட்டிக்கொண்டு போட்டான்! இஞ்சை வந்து பாரடியப்பா!"

சிவனேஸ்வரி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கொட்டிலுக்குள் சைக்கிள் நின்றது. நேற்றுப் பின்னேரம் அவர் பொருத்திப் பூட்டிய பெல்லைக் காணவில்லை.

"எல்லாம் முடிஞ்சுது எண்டு சந்தோசமாப் படுத்தனான். போன மாசம் பெடல். அதுக்கு முந்தி டைனமோ. ஆர் எண்டு எனக்குத் தெரியும்."

"ஆரையும் அவசரப்பட்டுச் சொல்லாதேங்கோ."

அவர் காதில் விழுந்தால்தானே!

அந்தச் சைக்கிள் மகன் தவராசாவுக்கு. பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் அவனுக்குக் கிளாக்கர் வேலை சரிவந்திருந்தது. அவர்கள் இருந்த குடியேற்றத் திட்டத்திலிருந்து ஆலைக்கு நல்ல தூரம். அதற்காக ஒரு பழைய பிறேமை வாங்கி, கறள் உரஞ்சி, பச்சை வர்ணம் பூசி, றிம்முக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தபோதுதான் கதிர்காமநாதருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மாசியில் வந்தால், வீட்டில் மகன் இல்லை.

"நாடு கிடக்கிற கிடையிலை இஞ்சை இருக்கேலாது எண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டான்," என்றாள் சிவனேஸ்வரி.

பாயில் சரிந்த மனிதர் எழும்பவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. கடைசியில் அவள்தான் பக்கத்தில் இருந்து சொன்னாள்.

"சைக்கிளைப் பூட்டி முடிக்கச் சொல்லி ஆளிட்டைச் சொல்லிவிட்டவன். முடிஞ்ச உடனை வந்து வேலைக்குப் போறானாம்."

அன்றைக்கு எழும்பியவர்தான். காற்சட்டையில் எண்ணெய் பிரளாமல் இருக்கச் செயின் கவர், சேறு தெறிக்காமல் இருக்க மட்காட், சாப்பாட்டுப் பெட்டி வைக்க அகலமான கரியர், பொழுதுபட்டுத் திரும்பி வர டைனமோ லைற் என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார். ஒவ்வொரு முறையும் முடிகிற நேரத்தில் ஏதோ ஒன்று காணாமல் போனது. அவரும் சலிக்காமல் கிளிநொச்சிக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். பெற்ற மனம் வேறென்ன செய்யும்?

இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. பூவரசந்தடி ஒன்றை முறித்துக்கொண்டு நேரே அடுத்த வளவுக்குள் நுழைந்தார். அங்கே சங்கிலி குடும்பம் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து உடுத்த துணியோடு வந்து, கதிர்காமநாதரின் வயலில் வேலை செய்து பிழைக்கிறவர்கள்.

"டேய் சங்கிலி! வெளியிலை வாடா!"

சங்கிலி வந்தான். அவன் தலைமயிர் சீவுகிற அளவுக்கு இன்னும் வளரவில்லை. இவர் ஆஸ்பத்திரியால் வந்த அன்று அவன் மீசையும் மழித்து மொட்டைத் தலையோடு நின்றான். "அம்மனுக்கு நேர்த்தியோடா?" என்று இவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

"அம்மனுக்கு முடி குடுக்கிற பக்தன், அடுத்த வீட்டிலை சாமான் கழட்டுறியோ?"



சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வீட்டுப் பரமலிங்கம் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"விடு கதிர்காமு. ஒரு பெல்தானே..."

"பெல்தானோ? என்ரை பிள்ளை வீட்டுக்கு வாறது உங்களுக்கெல்லாம் விளையாட்டோ?"

குடிசைக்குள் புகுந்து கிளறினார். நெல்லுச் சாக்குக்குப் பின்னால் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், பெல், பெடல், டைனமோ எல்லாம் இருந்தன. துருப்பிடிக்காமல் எண்ணெய் வேறு பூசியிருந்தது.

"இப்ப என்ன சொல்லுறாய்?"

சங்கிலியின் மனைவி சுப்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லிருங்களேன். எத்தன நாளைக்குத்தான் கள்ளன்னு பேரு வாங்குவீங்க?"

"சும்மா இரு புள்ள," என்றான் சங்கிலி. "ஆமாங்கய்யா. நாந்தான் எடுத்தேன்."

தடி அவன் வலது கையில் விழுந்தது. அவன் கையை இழுக்கவில்லை. மறுபடி ஓங்கியபோது சிவனேஸ்வரி கொண்டை அவிழ ஓடி வந்து நடுவில் விழுந்தாள்.

"அவனை விடுங்கோ! கழட்டினது நான். ஒளிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்."

"உனக்கென்ன விசரே?"

"முடிஞ்சால் வருவான் எண்டு, உங்களை எழுப்புறதுக்காகச் சொல்லிப்போட்டன். முடிஞ்சால் எங்கை பிள்ளை எண்டு கேப்பியளே... நான் ஆரைக் கொண்டுவந்து காட்டுறது?"

கதிர்காமநாதர் சனத்தைப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும்தான் தெரியாது.

"எப்ப?" என்றார்.

"நீங்கள் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை. உங்களுக்குச் சோறு கொண்டு நடந்து வந்தவன். ஆமி ட்ரக்கிலை போனவங்கள் றோட்டிலை சுட்டுப் போட்டுட்டுப் போட்டாங்கள்."

தடி நழுவி விழுந்தது. கதிர்காமநாதரின் கண் சங்கிலியின் தலையில் போய் நின்றது. அன்றைக்கு அவன் அடித்திருந்த மொட்டை எந்த அம்மனுக்கும் இல்லை.

"பிள்ளையை... பிள்ளையை ஆர் எடுத்தது?"

சிவனேஸ்வரி, வீங்கத் தொடங்கிய சங்கிலியின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"கிட்டப் போக எல்லாரும் பயந்து நிண்டவை. இந்தக் கைதான் தூக்கிக்கொண்டு வந்து எங்கடை பிள்ளைக்குக் கொள்ளி வைச்சது."