கர்சர் தள்ளி நிற்கிறது

கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய அபிநயா எழுதும் டெர்மினல் மென்பொருளின் புதிய பதிப்பு, திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதியோடு காலையில் வெளியாகியிருந்தது. வெளியே இட ஒதுக்கீட்டு மறியல், பஸ் ஓடவில்லை.

"எங்க ஊரு கச்சிராயபாளையத்துல மறியல் பண்ணவங்கள கைது பண்ணிக்கினு போனாங்களாமே?" என்றாள்.

"இருக்கும்." கணவன் சுபுஹான் திரையைக் காட்டினான். "தமிழ்ல அடிச்சா கர்சர் தள்ளி நிக்குது. அன்னிக்கே சொன்னேன், ஏன் சரிபண்ணல?"

"இருக்கட்டுங்க."

"போன தடவையும் இப்படித்தான் ஒரு தப்ப வுட்டுவெச்ச. பேரு போடாம ஒருத்தர் திட்டி மெயில் போட்டாரு."

அப்போதே பெயரில்லாமல் ஒரு மெயில் வந்தது. 'கர்சர் தள்ளி நிற்கிறது. கவனம் எங்கே?'

அபிநயா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"எனக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுத்த எங்கப்பாதாங்க இது. கைதாவல, அவரு வூட்லதான் இருக்காரு. நம்ம கல்யாணத்தோட பேச்ச நிறுத்திட்டாரு. தப்பு இருந்தாத்தான் எழுதுவாரு."