ரோலர்காரரின் ராஜினாமா

“நம்ம ஆபீசுக்குள்ளயே ஒரு ஒற்றன் இருக்கான்யா” என்றார் மேலாளர், கதவைத் தாழிட்டுவிட்டு.

ரோலர்காரர் நின்றபடியே தலையாட்டினார். அந்தச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் விட்டு எடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து நின்ற கால்கள் கெஞ்சின. உட்காரச் சொல்ல மேலாளருக்குத் தோன்றவில்லை.

“திங்கட்கிழமை மெஷினை நிறுத்தப் போறாங்கன்னு நீதானேய்யா வந்து சொன்ன? வெளியாள் பத்துப் பேரைக் கொண்டுவந்து உட்கார வெச்சேன். ஒண்ணும் நடக்கல. புதன்கிழமை நிறுத்திட்டாங்க! போன தடவையும் இதே கதை. நீ என்கிட்ட சொல்றதை இங்கேருந்து எவனோ அவங்க காதுல ஓதறான். உடனே நாளை மாத்திடறாங்க.”

“இருக்கும் சார்.”

“கணக்கர் மேலதான் எனக்குச் சந்தேகம். அவனை அப்புறம் பார்த்துக்கறேன். சங்கத்துல முன்னாடி நிக்கிற மூணு பேரு யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடு. சீட்டைக் கிழிச்சிடறேன்.” ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

ஆறு வருஷமாக இந்தப் பிழைப்பு. ஒருநாள் ரோலர்காரர் நின்றபடியே கண்ணயர்ந்து நாற்பது விரிப்புகள் கருகிப்போயின. மேலாளர் வேலையை விட்டு நீக்கவில்லை. “அப்பப்ப நாலு சேதி சொன்னாப் போதும்” என்று முதுகில் தட்டினார். அன்று பிடித்த சனி.

ராஜா காலத்து ஒற்றனுக்கு ஏறிப் போகக் குதிரையாவது கொடுத்தார்கள். இவருக்குக் கிடைத்ததெல்லாம் தூக்கம் வராத ராத்திரிகள்தான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டிக் காட்டி மனுஷர் ஓய்ந்து போயிருந்தார். “கூழைக் குடிச்சாலும் நிம்மதியாக் குடிப்போம், விட்டுத் தொலைங்க” என்று மனைவியும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பினார். நீராவி முகத்தில் அறைந்தது. காற்றாடி கேட்டுத்தான் அத்தனை சண்டையும். போன மாதம்கூட ஒரு பெண் மயங்கி விழுந்தாள். மேலாளர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்ததோடு சரி.

மடிப்பு மேஜை அக்காதான் சங்கச் செயலாளர். விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் ஆள் பிடித்திருந்தான். ரோலர்காரரைக் கண்டதும் அக்கா கிட்டே வந்து, உருளைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

“அண்ணே, வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு நிறுத்தறோம். கேட்டுச்சா? வெள்ளிக்கிழமை, எட்டு மணி!”

“கேட்டுச்சும்மா.”

சட்டைப் பையில் அந்தத் தாள் கனத்தது. எழுத வேண்டிய மூன்று பேரும் கண்ணெதிரே நின்றார்கள். ஒருத்தி இந்த அக்கா. இன்னொருவன் நெட்டை. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு நாள் இவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவன். மூன்றாமவன் பாய்லர்காரன், வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை.

எழுதாவிட்டால் தன் வேலை போகும், எழுதினால் மூன்று அடுப்பு அணையும். போதும் என்றிருந்தது அவருக்கு.

டீ வேளையில் உருளைகள் நின்றன. மூட்டைகள் மேல் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ரோலர்காரர் மட்டும் உட்காரவில்லை.

“ஒரு விஷயம் சொல்லணும். சொன்னதும் என்னைச் செருப்பால அடிச்சாலும் சரி. இங்க பேசறதையெல்லாம் ஆறு வருஷமா மேலாளர்கிட்ட போய்ச் சொல்றவன் நான்தான்.”

நெட்டை டீயைப் பார்த்தான். பாய்லர்காரன் கூரையைப் பார்த்தான்.

“உங்க மூணு பேரு பேரை எழுதித் தரச் சொன்னார்.” வெள்ளைத் தாளை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார். “என்னால முடியலம்மா. நாளைக்கு ராஜினாமா குடுத்துட்டுப் போயிடறேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு வாய் வரல.”

அக்கா எழுந்து அவர் எதிரே வந்தாள். அறை விழப் போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. ஈரம் காயாத இரண்டு கைகள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

“போயிடாதீங்கண்ணே! உங்களைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”